கடைக்கோடிக் குழாய்

உக்காருங்க மேடம். அந்தக் கதவைத் தட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. செல்லக்கனி ஊர்ல இல்ல. பூட்டைப் பாத்தீகள்ல, துருப்புடிச்சுப் போச்சு. இப்படி நிழலுக்கு வாங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. நீங்க லோன் ஆபீஸ்ல இருந்துதான வாறீக? கழுத்துல அட்டை தொங்குதே, அதப் பாத்துத்தான் கேட்டேன்.

போன தடவ ஒரு தம்பி வந்தாரு. பூட்டுன கதவப் போட்டோ எடுத்தாரு, வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த கேக்கல. நீங்க கேக்குறீக, அதுனால சொல்லுறேன். பக்கத்து வீட்டுக்காரி நான், தவமணி. நானும் உங்க ஆபீஸ்ல குழாய்க்கும் கக்கூசுக்கும் லோன் வாங்குனவதான். செல்லக்கனியப் பத்தி என்னயவிட இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? கூடப்பெறந்தவ மாதிரி இருந்தோம். ஊருக்குள்ள கேட்டீகன்னா வேற மாதிரிச் சொல்லுவாக. அதக் காதுல வாங்காதீக.

ஓடிப்போயிட்டாளான்னு கேக்குறீக. ஓடிப்போறவ வீட்டப் பெருக்கிக் கோலம் போட்டுட்டா போவா? அவ போன அன்னைக்கு வாசல்ல கோலம் கெடந்துச்சு. நான்தான் பாத்தேன்.

இந்தத் தெருவப் பாருங்க. மேலக்கோடியில தண்ணித் தொட்டி. அங்க இருந்து இங்க வரைக்கும் ஒரே தெரு, ஒரே பைப்பு. எங்க வீடு கடைசிக்கு முந்துன வீடு. கடைசி வீடு செல்லக்கனி வீடு. அதுக்கு அங்கிட்டு கருவக்காடுதான். முன்னயெல்லாம் தண்ணிக்கு ரயில்வே கேட்டத் தாண்டி ஒரு பம்புசெட்டுக்குப் போவோம். தோட்டக்காரரு மனசு வச்சா மோட்டாரு ஓடும், இல்லாட்டி வெறுங்கொடந்தான். வெளிக்கிப் போக இந்தக் கருவக்காடு. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கவளுக்குத்தான் தெரியும் அந்தப் பயம். எம் மக தாரணி பெரிய மனுசி ஆனப்பெறகு, அவ முள்ளு மறைவுக்குள்ள போக, நான் ரோட்டப் பாத்து நிப்பேன். பைக்குச் சத்தம் கேட்டாப் போதும், செருமுவேன். அது எந்திரிச்சு நிக்கும். பாதியில எந்திரிச்சு நிக்கும் மேடம்.

அப்பத்தான் எங்க குழுத் தலைவி அழகுராணி மதினி உங்க ஆபீஸ்காரவுகளக் கூட்டியாந்தாக. கோயில் வாசல்ல உக்கார வச்சு, தண்ணிக்கும் கக்கூசுக்கும் தனியா லோன் இருக்கு, குழுவா வாங்கிக் குழுவாக் கட்டுங்க, ஒருத்தி கட்டலைன்னா மத்தவுக சேந்து கட்டணும்னு சொன்னாக. அது எங்களுக்குப் பெருசாவே தெரியல. நம்ம பிள்ளைகதான, யாரு கட்டாமப் போகப்போறான்னு நெனச்சோம். ஊராட்சித் தொட்டி இருந்துச்சு, பைப்பு பாதித் தெருவோட நின்னுபோச்சு. மிச்சப் பைப்ப எங்க லோன்ல நாங்கதான் இழுத்தோம். கூலிக்கு ஆள் வைக்கல, பள்ளமும் நாங்களே தோண்டுனோம். செல்லக்கனி அப்பக் கல்யாணமாகி வந்த புதுசு. கையில மருதாணி காயாம மம்பட்டி பிடிச்சா. 'நீ போடி, புதுப்பொண்ணு'ன்னா கேக்கமாட்டா. 'நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்லக்கா'ம்பா.

தண்ணி தொறந்த அன்னைக்கு மொதல்ல காத்துதான் வந்துச்சு. குழாயி இருமுச்சு, துப்புச்சு. பெறகு சேறாட்டம் கொஞ்சம். அதுக்கப்புறம் நல்ல தண்ணி. செல்லக்கனி குழாய்க்குக் கீழ தலையக் குடுத்துட்டா. அவ மாமியா திட்டுது, இவ சிரிக்கிறா. அந்த மாமியா அடுத்த வருசமே போய்ச் சேந்துருச்சு. நல்ல மனுசி.

ஒரு வருசம் நல்லா வந்துச்சு மேடம், பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில தண்ணி. கக்கூஸ் கட்டுனோம். மொதநாளு தாரணி உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு, ரொம்ப நேரமா வரவே இல்ல. என்னாடின்னு தட்டுனா, 'சும்மா இருக்கேம்மா'ங்குது. சும்மா உக்காந்திருந்திருக்கு உள்ள. யாரும் வரமாட்டாங்கல்ல, அதுக்காக.

அதுக்குப் பெறகுதான் மோட்டாரு வந்துச்சு.

மாவு மில்லுக்காரரு மாடியில தொட்டி கட்டுனாரு. தண்ணி மாடிக்கு ஏறணும்ல, குழாயில ஒரு மோட்டார மாட்டுனாரு. மோட்டார மாட்டுனா அது பைப்புல வர்ற தண்ணிய உறிஞ்சிரும். அடுத்த வீட்டுக்குத் தண்ணி கொறஞ்சுச்சு, அவுகளும் மாட்டுனாக. அதுக்கடுத்த வீடு. அப்படியே ஒண்ணொண்ணா இறங்கி வந்துச்சு. இங்க எங்களுக்கு விரல் தண்டிக்கு வந்த தண்ணி நூலாயிப் போச்சு.

குழுக் கூட்டத்துல நான்தான் எந்திரிச்சுக் கேட்டேன். பயமில்லாமக் கேட்டேன். 'எல்லாரும் சேந்து இழுத்த பைப்பு. மேல இருக்கவுக உறிஞ்சிக்கிட்டா கீழ இருக்கவுக எங்க போறது? மனசாச்சி வேணாமா?'ன்னு கேட்டேன். அழகுராணி மதினி தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தாக. மோட்டாரு வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாக. எல்லாரும் சரின்னுதான் சொன்னாக. மறுநா காலையில பாத்தா எல்லா வீட்டுலயும் உர்ருன்னு ஓடுது. மதினியே வீடு வீடாப் போனாக. பொம்பளைக பூரா, 'எங்க வீட்டுக்காரரக் கேளுங்க'ன்னாக. ஆம்பளைக, 'ஒங்க குழுவ நாங்க என்ன பண்ணுனோம், போயி வட்டிக்கணக்கப் பாருங்க'ன்னு சிரிச்சாக. ஊராட்சியில மனுக் குடுத்தோம். ஒரு ஆள் வந்தாரு, அவரு வர்றது தெரிஞ்சு அம்புட்டு மோட்டாரும் கட்டிலுக்கு அடியில போயிருச்சு.

அந்த மாசத்துக்குள்ள மதினி வீட்டுலயே மோட்டாரு ஓடுச்சு. நான் போயிக் கேட்டேன். மதினி சொன்னாக, 'தவமணி, நான் குழுவுக்குத்தான் தலைவி, எங்க வீட்டுக்கா தலைவி? ரெண்டு நாளா மாட்டுக்குத் தண்ணி இல்லன்னு அந்த மனுசன் கைய ஓங்கிட்டாரு. நான் என்ன செய்ய?' அப்படின்னு அழுதாக. அழுதுக்கிட்டேதான் தண்ணி புடிச்சாக. நான் திரும்பி வந்துட்டேன்.

குழாயில ஏறாத தண்ணி பள்ளத்துல வந்துரும். அதுனால செல்லக்கனியும் நானும் குழாய்க்குக் கீழ பள்ளந் தோண்டி, பைப்ப அறுத்துத் தாழ்த்தி விட்டோம். மொதல்ல முழங்கா ஆழம், பெறகு இடுப்பளவு. பள்ளத்துக்குள்ள எறங்கி, செம்புல புடிச்சு மேல இருக்க கொடத்துல ஊத்தணும். கொடம் நெறைய ஒரு யுகம் ஆகும். நாங்க ரெண்டு பேரும் ஒரு பேச்சு வச்சிருந்தோம். யாரு பள்ளத்துல வந்தாலும் ஆளுக்குப் பாதி. பத்தாததுக்குப் பழையபடி ரயில்வே கேட்டத் தாண்டிப் பம்புசெட்டு. போகையில வரையில பேசிக்கிட்டே போவோம். அவ வீட்டுக்காரரு முருகவேலு ஆந்திராவுல முறுக்குக் கம்பெனியில இருக்காரு. அவரு போன்ல என்ன சொன்னாரு, என்ன வெக்கங்கெட்ட பேச்சுப் பேசுனாருன்னு எல்லாத்தையும் சொல்லுவா. முழுகாம இருக்கேன்னு மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. அந்தக் கேட்டுல ரயிலுக்கு நிக்கிறப்ப, கொடத்த இறக்கி வச்சிட்டுச் சொன்னா. புருசங்கிட்டக் கூட அப்பறம்தான் சொன்னா.

இனி நான் சொல்லப்போறதத்தான் ஊர்ல மாத்திப் பேசுறாக.

எங்க வீட்டுக்காரரு காளிமுத்து கரிமூட்டம் போடுறவரு. கருவ வெறகச் சுட்டுக் கரியாக்குற வேல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கண்ணும் பல்லுந்தான் தெரியும். அந்தக் கரி ரெண்டு செம்புத் தண்ணிக்குப் போகாது. மனுசன் அப்படியே தின்னுட்டு, அப்படியே பாயில விழுவாரு. ஒடம்பெல்லாம் சொறி. ஒருநா ஒரு பழைய மோட்டாரத் தூக்கிட்டு வந்துட்டாரு. அரை எச்.பி.

நான் வேணாம்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். 'நான் கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டவ, நாளைக்கு எப்படிங்க மூஞ்சியக் காட்டுவேன்?'

அவரு சொன்னாரு, 'கேட்டியே, யாராச்சும் நிப்பாட்டுனானா? ஊரே திருடனா இருக்கப்ப நீ மட்டும் என்ன, பள்ளத்துக்குள்ள நின்னு யோக்கியம் பேசப் போறியா?'

'கடைசி வீட்டுப் பிள்ள வயித்துல பிள்ளையோட இருக்கா.'

'அவளுக்கும் நம்மளே குடுப்போம். வேணாம்னா சொன்னேன்?'

இதுல என்ன தப்பு, சொல்லுங்க. எம் மக பத்தாவது படிக்குது. கக்கூசுல தண்ணி இல்லாம மறுபடி காட்டுக்குப் போகுது. லோன் மட்டும் மாசாமாசம் கட்டுறேன். தண்ணி வராத குழாய்க்கும் தண்ணி இல்லாத கக்கூசுக்கும் கட்டுறேன். நான் ஒருத்தி மோட்டாரு வைக்காம இருந்தா மேல இருக்கவுக எல்லாம் திருந்திருவாகளா?

மாட்டுன அன்னைக்கு தண்ணி வந்துச்சு பாருங்க. ட்ரம்மு, அண்டா, கொடம், பால் சட்டி, டம்ளர்ல கூடப் புடிச்சு வச்சேன். வைக்க எடம் இல்லாம, இன்னும் வருதே இன்னும் வருதேன்னு ஆட்டுக்கெடைக்கு வாங்குன பழைய தொட்டியக் கழுவி அதுலயும் புடிச்சேன். எங்க வீட்டுக்காரரு தலையோட ஊத்திக்கிட்டு நின்னாரு, கருப்பா ஓடுச்சு தண்ணி. நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பச் செல்லக்கனி அவ பள்ளத்துல இருந்து, 'அக்கா, எங்குழாயி என்னமோ சத்தம் போடுது'ன்னா. போயிப் பாத்தேன். சூன்னு ஒரு சத்தம். தண்ணி வர்ற சத்தமில்ல. உள்ள இழுக்குற சத்தம். அவ வெரல வச்சா, வெரல இழுக்குது. 'பாருங்கக்கா, பாருங்கக்கா'ன்னு சின்னப்பிள்ளையாட்டம் வச்சு வச்சு எடுத்தா. பெறகு எங்க வீட்டுப் பக்கம் திரும்பி, அந்த உர்ருன்னு சத்தத்தக் கேட்டா. பள்ளத்துல இருந்து மேல ஏறி வந்தா.

நானே சொன்னேன். 'கனி, ஒனக்கு எதுக்கு இந்தப் பள்ளம்? தண்ணி வர்ற நாளெல்லாம் ரெண்டு கொடம் எங்க வீட்டுல வந்து எடுத்துக்க. புள்ளத்தாச்சி நீ குனியக் கூடாது.' மேல இருக்கவுக எனக்கு ஒரு செம்புத் தண்ணி குடுத்தாகளா? நான் ரெண்டு கொடம் குடுத்தேன். வந்தா. எடுத்தா. கொஞ்ச நாளு நல்லாத்தான் போச்சு. ஒருநா துணி தொவைக்கணும்னு மூணாவது கொடத்துக்கு வந்திருக்கா. நான் அடுப்படியில இருந்தேன். தாரணி, 'அம்மா ரெண்டு கொடந்தான சொன்னுச்சு'ன்னு சொல்லிருச்சு. அது சின்னப்பிள்ள, வெளையாட்டாச் சொன்னது. எனக்குக் கேட்டுச்சு. கேட்டாலும் ஒலை கொதிக்குது, எப்படி எந்திரிச்சு வந்து சமாதானம் சொல்லுறது? செல்லக்கனி சிரிச்சுக்கிட்டேதான் வெறுங்கொடத்தோட திரும்பிப் போனா.

மறுநாளுல இருந்து வரல. 'வாடி, தண்ணி எடுத்துக்க'ன்னு கூப்புடுறேன். 'இருக்கட்டும்க்கா'ங்குறா. வயித்தத் தள்ளிக்கிட்டு, அந்தப் பம்புசெட்டுக்குத் தனியாப் போறா. எனக்கும் ஒரு ரோசம் இருக்கும்ல? இம்புட்டுச் செஞ்சும் இவளுக்கு என்ன வீம்புன்னு நானும் விட்டுட்டேன்.

சித்திரையில ஒரு மத்தியானம் கேட்டுக்காரரு ஓடியாந்தாரு. பம்புசெட்டு வரப்புல வழுக்கி விழுந்துட்டான்னு. நான்தான் ஓடுனேன் மேடம். யாரு வந்தா? நான்தான் ஓடுனேன். சேலையெல்லாம் ரத்தம். கொடம் நசுங்கி அந்தப் பக்கம் கெடக்கு. எம் மடியில தலையத் தூக்கி வச்சிக்கிட்டேன். ஆம்புலன்சு வர்ற வரைக்கும் எங்கையப் புடிச்சிக்கிட்டு, 'அக்கா, அசையுதா பாருங்க, அசையுதா பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வயித்துல கைய வச்சா எனக்கு ஒண்ணும் தெரியல. 'அசையுது தாயி'ன்னு சொன்னேன். சாமி புண்ணியம், வயித்துப் பிள்ளைக்கு உசுரு இருந்துச்சு. ஆனா எந்திரிக்கக் கூடாது, படுக்கையிலயே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. அவ தங்கச்சி வந்து கூட இருந்துச்சு, வாசல் பெருக்கிக் கோலம் போடுறதெல்லாம் அதுதான்.

அந்த மாசம் செல்லக்கனி தவணை கட்டல. அடுத்த மாசமும் கட்டல. நாங்க மத்தவுகதான் சேந்து போட்டோம். உங்க ஆபீஸ்ல இருந்து மதினிக்கு ஒரே போனு. ஒரு ஆள் நின்னாலும் குழுவுக்கு மறுலோன் கெடையாதுன்னு சொல்லிட்டாக. எல்லாருக்கும் ஆத்திரம். போயி அவ வாசல்ல உக்காந்துருவோம்னு முடிவு பண்ணுனாக. மதினிக்கு இஷ்டமில்ல. 'படுத்திருக்கிற பிள்ள வாசல்ல போயி எப்படி'ன்னாக. ஆனா அவுகளும் வந்து உக்காந்தாக. வராட்டித் தலைவியே அவளோட சேந்துக்கிட்டான்னு பேசுவாகல்ல. என்னய முன்னால தள்ளுனாக. 'நீதான அவளுக்கு நெருக்கம், நீ பேசு'ன்னாக.

நான் பதமாத்தான் கேட்டேன். 'கனி, ஒடம்பு சரியில்லாததுதான். இல்லைங்கல. ஆனா எல்லாரும் கஷ்டப்பட்டுத்தான கட்டுறோம்? ஒனக்காக மத்தவுக எத்தன மாசம் போடுவாக?'

அவ உள்ள கட்டில்ல ஒருச்சாஞ்சு படுத்திருந்தா. அங்க இருந்தபடியே, சத்தங்கூடப் போடாம, 'உங்க மோட்டார நிப்பாட்டுங்கக்கா. எங்குழாயில ஒரு கொடம் வரட்டும். அன்னைக்கே கட்டிர்றேன்'ன்னா.

அம்புட்டுப் பேரு முன்னாடி மேடம். மேலக்கோடிக்காரிகளும்தான் உக்காந்திருக்காளுக. மில்லு வீட்டுக்காரி உக்காந்திருக்கா. தெருப் பூராவும் மோட்டாரு ஓடுது, இவ கண்ணுக்கு எம் மோட்டாரு ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. நான் அவளுக்கு எம்புட்டுச் செஞ்சேன். எம் மடியில படுத்திருந்தவ. எந்திரிச்சு வந்துட்டேன். மத்தவுகளும் ஒண்ணொண்ணாக் கலைஞ்சு போயிட்டாக.

அடுத்த வாரமே முருகவேலு வந்தாரு. எங்க யாருகிட்டயும் பேசல. காரு புடிச்சு, பின் சீட்டுல தலைகாணிய வச்சு, அவள அலுங்காமத் தூக்கிப் படுக்க வச்சாரு. நான் வாசல்ல நின்னேன். கண்ணாடி வழியா என்னயப் பாத்தா. பாத்தான்னுதான் நெனைக்கிறேன். போயிட்டா.

இம்புட்டுத்தான் நடந்துச்சு. உங்க ஆபீஸ்ல போயி இப்படியே சொல்லுங்க. அவளும் ஏமாத்துறவ இல்ல. மதினியும் கெட்டவுக இல்ல. நானும் ஒண்ணும் பண்ணல.

தண்ணியா? இப்ப எங்க வீட்டுக்கும் வரல மேடம். மேல எல்லாரும் ஒரு எச்.பி. போட்டுட்டாக. எங்க அரை எச்.பி. வெறுங்காத்தத்தான் இழுக்குது. ஓடி ஓடிச் சூடாகிப் புகையுது. எங்க வீட்டுக்காரரு மறுபடி கரியோடதான் படுக்குறாரு. தாரணி காலையில எதுவும் சாப்புடாம பள்ளிக்கூடத்துக்குப் போகுது. ஏன்டின்னா பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிரும். எனக்குத் தெரியாதா? அங்கயும் கக்கூசுல தண்ணி இல்ல. போற வேல வரக் கூடாதுன்னு வயித்தக் காயப் போடுது. நான் என்ன செய்ய, சொல்லுங்க. கருவக்காட்ட வெட்டிப் பிளாட்டுப் போட்டுட்டாக, இப்ப அந்த மறைவுங்கூட இல்ல.

போன வாரம் செல்லக்கனி போன் பண்ணுனா. அத்தன மாசத்துக்குப் பெறகு. பொம்பளப் பிள்ளையாம், மூணு மாசமாச்சாம். பிள்ள அழுகுற சத்தம் கேட்டுச்சு. நான் வச்ச கைக்குக் கீழ இருந்த பிள்ளதான அது. அங்க கம்பெனியில வேல கொறஞ்சுபோச்சாம், வாடக குடுத்து மாளலயாம். தையில ஊருக்கே வந்துரலாம்னு இருக்காகளாம். கட்ட வேண்டியதக் கொஞ்சங்கொஞ்சமாக் கட்டிருவாளாம். இதையெல்லாம் சொல்லிட்டு, 'அக்கா, எங்குழாயில தண்ணி வருதாக்கா?'ன்னு கேட்டா.

நான் என்னத்தச் சொல்ல? 'கேக்கல தாயி, சிக்னலு சரியில்ல'ன்னு வச்சிட்டேன். ரெண்டு தடவ மறுபடி கூப்புட்டா. எடுக்கல.

நீங்க தப்பா நெனைக்காதீக. உங்க ஆபீஸ்ல இப்ப மோட்டாருக்கும் லோன் தாறாகன்னு மதினி சொன்னாக. நெசந்தானா? ஒரு எச்.பி. போதாது, ஒண்ணரையாக் குடுத்தா நல்லது. அது வந்துட்டா நான் அவளப் பள்ளத்துல எறங்க விடமாட்டேன். அவளுக்கும் பிள்ளைக்கும் வேணுங்கிற தண்ணிய நானே புடிச்சு ஊத்துவேன். ரெண்டு கொடம் மூணு கொடம்னு கணக்கே பாக்கமாட்டேன்.

எப்பக் கெடைக்கும் மேடம்? தைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. அவ வந்து எறங்குறதுக்குள்ள மாட்டிரலாம்ல?